கள்ளனுக்கு மாடு, சாமிக்கு யாழ்

இப்ப இறங்காதீங்கய்யா. மலையில மழை பெஞ்சிருக்கு, ஆத்துத் தண்ணி எப்படிக் கலங்கி வருது பாருங்க. கொஞ்சம் வடியட்டும். அது வரைக்கும் இப்படிப் பாறையில உட்காருங்க. மாட்டைக் கண்டு பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது. நான் ஒரு சத்தம் போட்டா அப்படியே நிக்கும்.

என் மாடு இல்லை. கேட்டீங்களே, அதுக்குச் சொல்றேன். நான் மேய்க்கிறவன். என் பேரு லாம்போன். மாடு ஹெர்மெஸ் சாமியோடது. ஆமா, அவருதான், திருடனுங்க கும்பிடற சாமி. வியாபாரிங்க நீங்களும் கும்பிடுவீங்க, தெரியும், கோவிச்சுக்காதீங்க. அவர் சோத்தைத் திங்கிறவன் நான், அவரைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு.

ஆனா முதல்ல இந்த மந்தை அவரோடது இல்லை. அவரோட அண்ணன் அப்போலோன் சாமியோடது. ரெண்டு பேருக்கும் அப்பன் ஒருத்தர்தான், வானத்துல இருக்காரே ஜீயஸ், அவரு. ஆத்தா வேற வேற. மூத்தவரு அப்போலோன் இருக்காரே, அவரு வெளிச்சத்துக்குச் சாமி. குறி சொல்ற சாமி. பொய்யே அவர் வாயில வராதும்பாங்க. இப்பப் பாட்டுக்கும் அவர்தான் சாமி, யாழ் இல்லாம அவரைச் செதுக்கவே மாட்டேங்கிறாங்க. அந்த யாழ் அவர் கைக்கு எப்படி வந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை சொல்லிச் சிரிப்பாங்க, கேட்டிருப்பீங்க. பொறந்த குழந்தை மாடு திருடுச்சு, அப்புறம் அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு. பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரலை.

எனக்குச் சொந்த ஊரு வடக்கே, பியெரியாச் சீமை. அங்க புல்லு இடுப்பு உயரம் நிக்கும். அப்போலோன் சாமியோட மந்தைக்கு நான்தான் பெரிய மேய்ப்பன். என் அப்பனும் அதே வேலைதான் பார்த்தாரு, ஆனா அவர் காலத்துல சாமி பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைக் கூப்பிடுவாரு. 'லாம்போன்'னு கூப்பிடுவாரு.

சும்மா கூப்பிடுவாரா? அவ்வளவு சுத்தமா இருந்தேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எனக்குக் கீழ மிக்கோன்னு ஒருத்தன் வேலை பார்த்தான். சின்ன வயசு, பொண்டாட்டி செத்துட்டா, ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. ஒரு சாயங்காலம் அவன் ஓட்டிட்டு வந்ததுல கன்னுக்குட்டி ஒண்ணு குறையுது. எங்கடான்னா, 'தெரியலைண்ணே. நான் எடுக்கலை, என் புள்ளைங்க மேல சத்தியம்'ங்கிறான். எந்தத் திருடன் எடுத்தேன்னு சொல்லியிருக்கான்? அன்னிக்கே போடான்னு அனுப்பிட்டேன். மழைக்காலம்தான். இருந்தாலும் குடிசையைப் பிரிச்சு அனுப்பினேன். சாமி சொத்துன்னா அப்படி இருக்கணும்யா. அப்புறம் அந்தக் கன்னு நாணல் புதருக்குள்ளேர்ந்து தானா எழுந்து வந்துச்சு, அது வேற விஷயம். சாமி காதுக்கு இது போயிருக்கு. அடுத்த தடவை வந்தப்ப சொன்னாரு, 'லாம்போன், நீ இருக்கிற வரைக்கும் நான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை'ன்னு.

அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் எத்தனை வருஷம் ஓட்டினேன் தெரியுமா? என் பொண்டாட்டி லிசில்லா கேலி பண்ணுவா. 'சாமி சொன்ன வார்த்தையைச் சட்டியில போட்டுக் கிண்டுங்க, ராத்திரிக்குக் கஞ்சி ஆகும்'பா. அவளுக்கு என்ன தெரியும்.

மந்தையில ஒரு பசு இருந்துச்சு. செவலை. தாய் செத்துப் பொறந்தது. துணியைப் பால்ல நனைச்சு ஊட்டி நான் வளர்த்தேன். என் சட்டை நுனியைச் சூப்பிக்கிட்டே பின்னாடி வரும். வளர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகலை. நான் எங்க உட்கார்ந்தாலும் வந்து பக்கத்துல நின்னு மூச்சு விடும். சாமி மாடுதான், நான் மறக்கலை. ஆனா அது என்கிட்டதான் வரும்.

சரி, அந்த நாளுக்கு வரேன்.

வெயில் சாயிற நேரம். ஓக்கு மரத்தடியில சாஞ்சிருந்தேன். தூங்கலை. ஊர்ல தூங்கினேன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான். திறந்து பார்த்தா மேய்ச்சல்ல மாடு இல்லை. காளை மட்டும் தனியா நின்னு மேயுது. நாய்ங்க நாலும் வாலை ஆட்டிக்கிட்டுப் படுத்திருக்குங்க, யாரோ தெரிஞ்சவங்க வந்துட்டுப் போன மாதிரி. நான் கத்துறேன். செவலை பேரைச் சொல்லிக் கத்துறேன். பதிலே இல்லை.

தடத்தைப் பார்த்தேன். தடம் பார்க்கிறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அந்தத் தடம் என்னைக் கிறுக்கனாக்கிடுச்சு. எல்லாக் குளம்பும் உள்ள வந்திருக்கு. ஒண்ணுகூட வெளிய போகலை. நடுவுல இன்னொரு தடம், மனுஷக் காலும் இல்லை, மிருகக் காலும் இல்லை, தொடப்பத்தை வச்சு அழுத்தின மாதிரி அகலமா. விடியிற வரைக்கும் தேடினேன். விடிஞ்சதும் சாமி வந்துட்டாரு.

'மாடு எங்கே?'

'காணோம் சாமி.'

குனிஞ்சு தரையைப் பார்த்தாரு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. 'எல்லாம் உள்ள வந்திருக்கு. வெளிய போகலை. அப்ப இங்கதான் இருக்கணும். எங்க மறைச்சு வச்சிருக்கே?'

'சாமி, நான் எடுப்பேனா? என் பொண்டாட்டி மேல சத்தியம்.'

'எடுத்தவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்'னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. இத்தனை வருஷம் உழைச்சவனை! ஒரு வார்த்தை விசாரிக்காம! ஊர்ல எவ வயித்துல என்ன புள்ளை இருக்குன்னு குறி சொல்றவரு. ராஜாக்களெல்லாம் வந்து வரிசையில நிக்கிறாங்க அவர் வாக்குக்கு. அவருக்கு நான் எடுக்கலைன்னு மட்டும் தெரியலை. இதை எங்க போய்ச் சொல்ல?

வீட்டைப் புரட்டினாங்க. சாமியோட ஆளுங்க வந்து வைக்கோல் போரைப் பிரிச்சாங்க, அடுப்பைக்கூட இடிச்சாங்க, அடுப்புக்குள்ள மாட்டையா ஒளிச்சு வைப்பாங்க? லிசில்லா வாசல்ல நின்னா. ஊரே வேலியோரம் நின்னுச்சு. யாரும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசலை. என் மச்சான், லிசில்லாவோட தம்பி, அவன் மட்டும் பேசினான். 'கொஞ்ச நாளா மாமா ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு'ன்னான். என்ன மாதிரிடா இருந்தேன்? இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லலை.

மாடு கட்டுற கயித்தாலேயே என் கையைக் கட்டி, தடம் பார்க்க என்னையும் இழுத்துக்கிட்டு சாமி கிளம்பினாரு.

தெற்கே தெற்கே நடந்தோம், சாமி கூட நடந்தா பத்து நாள் வழி ஒரு பகல்ல ஓடிடும். ஒன்கெஸ்தோஸ்னு ஒரு ஊரு. அங்க திராட்சைத் தோட்டத்துக்கு ஒருத்தன் முள்ளுவேலி கட்டிக்கிட்டிருந்தான். நிமிர்ந்தான் பாருங்க, மிக்கோன். நம்ம மிக்கோன். தலை நரைச்சுப் போச்சு. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு இவன் எதையாவது சொல்லி வைக்கப் போறான்னு.

'இந்தப் பக்கம் மாடு போச்சா?'ன்னு சாமி கேட்டாரு.

மிக்கோன் என் கையில இருந்த கயித்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சொன்னான், 'போச்சு சாமி. நேத்து இருட்டுற நேரம். ஒரு கைக்குழந்தை ஓட்டிட்டுப் போச்சு.'

'கைக்குழந்தையா?'

'நானும் என் கண்ணை நம்பலை சாமி. குழந்தைதான். மாட்டை எல்லாம் பின்பக்கமா நடக்க வச்சு ஓட்டுது. காலுல தழையைப் பின்னிக் கட்டியிருந்துச்சு. என்னைப் பார்த்துட்டு, 'நீ எதையும் பார்க்கலை'ன்னு சொல்லிட்டுப் போச்சு.'

'இவன் கூட இருந்தானா?' என்னைக் காட்டிக் கேட்டாரு.

'இல்லை சாமி. இவர் இல்லை. இவர் எடுக்கிற ஆளும் இல்லை.'

அவ்வளவு தெளிவாச் சொன்னான். அப்புறம் குடத்தைத் தூக்கிட்டு வந்து, என் கை கட்டியிருக்குல்ல, வாயில ஊத்தினான். சட்டையில சிந்தாம ஊத்தினான். நானும் மரியாதைக்கு, 'புள்ளைங்க ரெண்டும் சௌக்கியமா?'ன்னு கேட்டேன். 'மூத்தவ இருக்கா'ன்னான். அதோட வேலியைக் கட்டப் போயிட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான்.

'சாமி, இப்பக் கட்டை அவுக்கலாமே'ன்னேன். 'பார்க்கலாம்'னாரு. சாட்சி சொன்ன பிறகும் பார்க்கலாமாம்.

கில்லீனி மலையில ஒரு குகை. அங்க மையான்னு ஒரு தேவதை இருந்தா. ஜீயஸ் ரகசியமா வந்து போவாரு. அவளுக்குத்தான் இந்தப் புள்ளை, ஹெர்மெஸ், பொறந்திருக்கு. நாங்க உள்ள போறப்ப தொட்டில்ல கிடக்கு, துணியில சுத்தி, கட்டை விரலை வாயில வச்சுக்கிட்டு. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. சாமி தொட்டில் பக்கத்துல போய் நின்னாரு.

'மாடு எங்கேடா?'

குழந்தை விரலை எடுத்துச்சு. 'மாடா? மாடுன்னா என்னண்ணே? அந்தப் பேரையே இன்னிக்குத்தான் கேட்கிறேன். நான் நேத்துப் பொறந்தவன். எனக்குத் தூக்கம் வேணும், பால் வேணும். என் பாதத்தைத் தொட்டுப் பாருங்க, இது கல்லுல நடந்த காலா? நம்ம அப்பா தலை மேல சத்தியமாச் சொல்றேன், நான் எடுக்கலை.'

நேத்துப் பொறந்தது சத்தியம் பண்ணுதுய்யா! அப்பன் தலை மேல! மையா வேற அழுறா, 'பெத்து ஒரு நாள் ஆகலை, பச்சை மண்ணைப் போய் மிரட்டுறீங்களே'ன்னு. சாமி குழந்தையைத் தூக்கினாரு. அப்ப அவர் தோளுக்கு மேல அது என்னைப் பார்த்துச்சு. கையில கயிறோட நான் நிக்கிறதைப் பார்த்துச்சு. பார்த்துட்டுக் கண்ணடிச்சுது.

குழந்தை உண்மையை ஒத்துக்காதுன்னு சாமி அதை அப்பன்கிட்டயே தூக்கிட்டுப் போனாரு. ஒலிம்போஸ் மலைக்கு. நம்மளை மேல விடுவாங்களா? அடிவாரத்துல ஒரு மரத்துல என்னைக் கட்டிப் போட்டுட்டுப் போனாங்க. மேல என்ன பேசினாங்கன்னு தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒருத்தர் சிரிப்பு இல்லை, பெரிய கூட்டமே சிரிக்கிது, இடி உருள்ற மாதிரி. குழந்தை அங்கேயும் அதே சத்தியத்தைப் பண்ணியிருக்கு. ஜீயஸ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டு, 'போய் மாட்டைக் காட்டுடா'ன்னுட்டாராம். நியாயம் கேட்டுப் போன இடத்துல என்னய்யா சிரிப்பு? கீழ ஒருத்தன் மரத்துல கட்டிக் கிடக்கிறான்.

மாட்டைக் காட்டின இடம் இதுதான். அதோ, அந்த வளைவுக்கு மேல இருட்டாத் தெரியுதே, அந்தக் குகை. அங்கதான் அடைச்சு வச்சிருந்துச்சு. சாமி கூப்பிட்டாரு, ஒண்ணும் வரலை. அவருக்கு மாட்டைக் கூப்பிடத் தெரியாது. என்னிக்கு அவர் கூப்பிட்டிருக்காரு? அப்பத்தான் என் கட்டை அவுத்தாரு. நிரபராதின்னு அவுக்கலை, மாட்டைக் கூப்பிட ஆள் வேணும்னு அவுத்தாரு. தன் கையில இருந்த சாட்டையை என்கிட்டக் கொடுத்தாரு. நான் குரல் கொடுத்தேன். ஒவ்வொண்ணா வந்துச்சு, இருட்டுலேர்ந்து கண்ணைச் சுருக்கிக்கிட்டு.

செவலை வரலை.

திரும்பவும் கூப்பிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், பாறை மேல ரெண்டு தோல் விரிச்சுக் காயப் போட்டிருந்துச்சு. ஒண்ணு எதுன்னு எனக்குத் தெரியலை. இன்னொண்ணு தெரிஞ்சுது. விலாவுல ஒரு பழைய காயத் தழும்பு உண்டு, நான் மருந்து வச்சுக் கட்டினது. ஓரத்துல ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்துச்சு. பக்கத்துல தீ மூட்டின சாம்பல். கறியைப் பங்கு போட்டு ஒவ்வொரு சாமிக்கும் படையல் வச்சிருக்கு, தன்னையும் ஒரு சாமியாச் சேர்த்து ஒரு பங்கு. பொறந்து ஒரு நாளு!

சாமிக்கும் கோபம் வந்துச்சு. நான் பொய் சொல்லலை, அப்ப அவர் முகத்தைப் பார்க்கணும் நீங்க. கொடியைப் பிடுங்கி முறுக்கினாரு, குழந்தையைக் கட்டிப் பாதாளத்துல எறியறேன்னு. எனக்கு வயிறு குளிர்ந்துச்சு. சரி, சாமி சாமிதான்னு நினைச்சேன். கொஞ்சம் தாமதம் ஆச்சு, ஆனா நியாயம் கிடைக்கப் போகுதுன்னு நினைச்சேன்.

அப்பத்தான் அந்தப் பையன் தொட்டில் துணிக்குள்ள கையை விட்டு அதை வெளிய எடுத்தான்.

ஆமை ஓடு ஒண்ணு. வாசல்ல ஊர்ந்துக்கிட்டிருந்த ஆமையாம், கூப்பிட்டுக் கொஞ்சிக் கொன்னிருக்கான். ஓட்டு மேல பசுத்தோலைப் போர்த்தி இழுத்துக் கட்டியிருந்தான். செவலை நிறம்யா அது. ரெண்டு கொம்பை நட்டு, குறுக்கே ஒரு கட்டை. அதுலேர்ந்து நரம்பு. குடலைக் கழுவி முறுக்கிக் காய வச்ச நரம்பு. யார் குடல்னு நான் சொல்லணுமா?

தட்டினான்.

அதுக்கு முன்னாடி உலகத்துல குழல் உண்டு, கொட்டு உண்டு, வாய்ப்பாட்டு உண்டு. நரம்பு பேசி எவனும் கேட்டதில்லை. மேஞ்சுக்கிட்டிருந்த மாடெல்லாம் தலையைத் தூக்குச்சு. தூக்கி, சத்தம் வந்த பக்கம் ரெண்டு அடி எடுத்து வச்சுது. தெரிஞ்ச குரலைக் கேட்டா மாடு அப்படித்தான் பண்ணும். அங்க சாமி கையில இருந்த கொடி கீழ விழுந்துச்சு. அவர் கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது.

'இது என்னடா?'ன்னாரு. குரலே மாறிப் போச்சு. 'இது என்ன? என் பாட்டுக்கு என்னமோ குறையுது குறையுதுன்னு இத்தனை காலமா தவிச்சேன். இதுதானா?'

'உங்களுக்குப் பிடிச்சிருக்காண்ணே?'

'கேட்காதே. என்ன வேணும் சொல்லு.'

'எனக்கு என்ன வேணும்? நீங்க மாட்டுக்காரரு, நான் பாட்டுக்காரன். மாத்திக்கலாம். பாட்டு உங்களுக்குத்தான் பொருந்தும். மாடு...' அப்படின்னு இழுத்தான், 'மாடு ஏற்கெனவே என்கிட்டதானே இருக்கு.'

சாமி சிரிச்சாரு. அழுதுக்கிட்டே சிரிச்சாரு. தம்பியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. அப்புறம் திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினாரு. எனக்குப் புரியலை. பக்கத்துல போனேன். என் கையிலேர்ந்து சாட்டையை வாங்கி அந்தக் குழந்தை கையில கொடுத்தாரு. 'இனிமே மந்தை உன்னுது'ன்னாரு.

நான் நின்னேன். 'சாமி'ன்னேன்.

'ம்?'

'செவலையைக் கொன்னுட்டானே சாமி.'

'எது?'

'சரி சாமி, அதை விடுங்க. ஊர்ல என்னைத் திருடன்னு கட்டி இழுத்துட்டு வந்தீங்க. எல்லாரும் பார்த்தாங்க. நீங்க ஒரு தடவை வந்து, லாம்போன் எடுக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை...'

'உஷ்'னாரு. விரல் நரம்பு மேல இருந்துச்சு. 'இதைக் கேளு, லாம்போன். இந்தக் கடைசி நரம்பைக் கேளு.'

கேட்டேன். வேற என்ன பண்ண? நான் கேட்டுக்கிட்டு நின்னேன், அவர் வாசிச்சுக்கிட்டே போயிட்டாரு.

தனியா நடந்து ஊருக்குப் போனேன். லிசில்லா வாசல்ல மூட்டை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, பக்கத்துல அவ தம்பி. 'மாடு எங்கே?'ன்னா. நடந்ததைச் சொன்னேன். நேத்துப் பொறந்த குழந்தை எடுத்துச்சு, பின்பக்கமா நடக்க வச்சுது, சாமி எல்லாத்தையும் அதுக்கே கொடுத்துட்டாரு, ஒரு ஆமை ஓட்டுக்குன்னு. சொல்லச் சொல்ல எனக்கே காது கூசுது. ஊரு கொல்லுனு சிரிச்சுது. லிசில்லா சிரிக்கலை. 'பொய் சொல்றதுதான் சொல்றீங்க, நம்புற மாதிரி ஒண்ணு சொல்லக் கூடாதா? அந்த மரியாதைகூட எனக்கு இல்லையா?'ன்னா. மூட்டையைத் தூக்கிக்கிட்டா. அதுக்கப்புறம் நான் அவளைப் பார்க்கலை. அடுத்த நாள் வந்து குடிசையைப் பிரிச்சாங்க. ஒருத்தனை விசாரிக்காம இப்படிச் செய்யலாமாய்யா? நீங்க நாலு ஊரு பார்த்தவரு, சொல்லுங்க, எங்கேயாவது உண்டா?

எங்க போவேன்? மாடு இருக்கிற இடத்துக்கு வந்தேன். இந்த ஆத்தங்கரைக்கு. சாமிப் புள்ளைங்களுக்கு வளர நாளா வேணும், அதுக்குள்ள அவன் இளந்தாரியா வளர்ந்து நிக்கிறான், தொப்பி போட்டுக்கிட்டு. 'வா மாமா, நீ வருவேன்னு தெரியும். எனக்கு இதுங்களைக் கறக்கத் தெரியலை'ன்னான். மாமாவாம். குத்தம் சொல்லக் கூடாது, சோத்துக்குக் குறை வைக்கலை. என் கோலைத் திருடுவான், தேட விடுவான், வேற நல்ல கோலாக் கொண்டாந்து கொடுப்பான். குளிருக்குக் கம்பளி கொடுத்தான், யாரோடதோ. பேசினா காது கொடுத்துக் கேட்பான். அவன் அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு தடவை மனசு விட்டுச் சொன்னேன். 'எடுத்தவன் நீ. நீயாவது எங்க ஊருக்கு வந்து, லாம்போன் எடுக்கலை, நான்தான் எடுத்தேன்னு சொல்லக் கூடாதா?'

யோசிச்சான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமா யோசிச்சான். 'வரேன் மாமா, எனக்கென்ன? ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்?'னான்.

அதுவும் சரிதானே. பொய் சொல்றவன் வரேங்கிறான், அவன் வந்து பிரயோஜனம் இல்லை. பொய்யே சொல்லாதவரு வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு.

அதனால நானே போனேன். போன அறுவடை முடிஞ்சதும், டெல்ஃபியில திருவிழா. அப்போலோன் சாமி வந்து வாசிப்பாரு. வழியெல்லாம் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கிட்டே நடந்தேன். 'சாமி, கும்பல்ல வச்சுக் கேட்கிறேன், நான் எடுத்தேனா இல்லையா?' இப்படி ஆரம்பிக்கணும். உரக்கச் சொல்லணும். கையைக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. எல்லாம் முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

கூட்டம்னா கூட்டம். முண்டியடிச்சு முன்னாடி போய் நின்னேன். அவர் வந்து உட்கார்ந்தாரு. அதே ஓடு, அதே தோல். இப்பத் தந்தமும் தங்கமும் வச்சு இழைச்சிருந்தாங்க. நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அவர் நரம்பைத் தொட்டுட்டாரு.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்புறம் எனக்கு நினைவு வந்தப்ப, தரையில உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுக்கிட்டிருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுக்குது. 'என்ன பக்தி, என்ன பக்தி'ங்குது. பக்தியா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அம்மாவை அடிச்சிருப்பேன். நான் மன்னிக்கலைய்யா. நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. அழுதா மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்லை.

கூட்டம் கலைஞ்சுது. நான் போகலை. ஒரு தூணோரமா நின்னுக்கிட்டேன். இந்த வழியாத்தான் இறங்கி வருவாரு, வரட்டும், இப்ப நரம்பும் இல்லை, பாட்டும் இல்லை, கேட்டுடறதுன்னு. வந்தாரு. பின்னாடி பூசாரிங்க, பெரிய மனுஷங்க. என்னைத் தாண்டி ரெண்டு அடி போனவரு நின்னாரு. திரும்பினாரு.

'லாம்போன்தானே?'ன்னாரு.

பேரு ஞாபகம் இருக்குய்யா அவருக்கு. அத்தனை பேருக்கு நடுவுல, பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. பூசாரிங்க எல்லாம் என்னைப் பார்க்கிறாங்க, யாருடா இவன்னு.

'ஆமா சாமி.'

'மாடெல்லாம் எப்படி இருக்கு?'

இதுதான் நேரம். சத்தியமா சொல்றேன், வார்த்தை பூராவும் நாக்கு நுனியில இருந்துச்சு.

'நல்லா இருக்கு சாமி'ன்னேன். 'போன மாசம் ஒண்ணு கன்னு போட்டுச்சு.'

'என்ன கன்னு?'

'கிடேரிங்க சாமி.'

'சந்தோஷம்'னாரு. சிரிச்சாரு. படியிறங்கிப் போயிட்டாரு. அவர் போய், அவர் பின்னாடி வந்தவங்களும் போய், அந்த இடமே காலியான பிறகுதான் பார்க்கிறேன், ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நான் இன்னும் அங்கேயே நின்னுக்கிட்டிருக்கேன்.